பயணம் பாதியில் நின்றால் ஆன்லைன் நண்பரிடம் எப்படிக் கேட்கக் கூடாது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு வருகிறவர்களும் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களும் டிக்கெட்டோடு ஒரு மாற்று வழியையும் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் மூடப்பட்ட, மீனம்பாக்கத்திலுள்ள சென்னை விமான நிலையத்தின் ஓடுதளம் மறுநாள் காலைதான் திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் விமானங்கள் நின்றுபோயின. இப்படி ஒரு நாளில், சொந்தக்காரர் யாருமில்லாத ஊரில் மாட்டிக்கொண்டவருக்கு உதவக்கூடிய ஆள் பெரும்பாலும் அவருடைய போனிலேயே இருக்கிறார். ஒரே தொழில் என்பதால் லிங்க்ட்இன்னிலோ வாட்ஸ்அப்பிலோ பழக்கமாகி, வேலை விஷயமாக அடிக்கடி பேசிக்கொண்டு, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத நண்பர் அவர். அவரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கேட்டாலும் கேட்கத் தெரியாமல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துகிறோம்.

"நேரில் பார்த்ததே இல்லையே" என்று கேட்காமல் இருப்பது

தவறுகளில் பெரியது இதுதான். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நண்பரிடம் இருப்பது வேறு எங்கும் எளிதில் கிடைக்காத இரண்டு விஷயங்கள். ஒன்று, அவருக்கு அந்த ஊர் தெரியும். இன்னொன்று, அவருக்கு உங்கள் வேலை தெரியும்.

ஊர் தெரிவது என்றால் என்ன? மதுரை விமானம் ரத்தாகிவிட்டது, பஸ்ஸில் போகலாம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் மீனம்பாக்கத்தில் முடிவெடுக்கிறார். பழைய நினைப்பில், முன்பு இந்தப் பஸ்கள் கிளம்பிய கோயம்பேட்டுக்கு கேப் போட்டால் நகரத்துக்குள் போய்த் திரும்பி வர வேண்டியதுதான். தென்மாவட்ட அரசு பஸ்கள் இப்போது கிளம்புவது கிளாம்பாக்கத்திலிருந்து. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பஸ் நிலையம், விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் (திருச்சி நெடுஞ்சாலையில்) நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. சென்னைக்காரர் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

மழை நாளில் இந்த ஊர் அறிவுக்கு இன்னும் மதிப்பு கூடும். மிக்ஜாம் அன்று பரங்கிமலை மெட்ரோ நிலைய வாசலில் தண்ணீர் நின்றதால், பயணிகளை ஆலந்தூரில் ஏறச் சொன்னார்கள். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரல் ரயில்கள் பல ரத்தாயின. 2015 வெள்ளத்தில் மீனம்பாக்கம் சில நாட்கள் மூடிக் கிடந்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். இதெல்லாம் செய்தியில் வரும், சரி. ஆனால் உங்களுக்கு வேண்டியது எது என்று நூறு செய்திக்கு நடுவே பிரித்துச் சொல்ல உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும்.

வேலை தெரிவதன் அருமை இன்னும் நுட்பமானது. நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். எங்கள் துறை நண்பர் ஒருவர் புனேயிலிருந்து சென்னைத் தரமணியில் ஒரு மென்பொருள் டெமோவுக்காக வந்து, மழையில் விமான நிலையத்தைத் தாண்ட முடியாமல் நின்றார். அவரோடு பழகிய இன்னொரு சென்னை டெஸ்டர் அவரிடம் ஹோட்டல் வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா என்று ஆரம்பிக்கவில்லை. "பில்ட் (காட்ட வேண்டிய மென்பொருள் பதிப்பு) எந்தச் சர்வரில் இருக்கு? ரிமோட்டா காட்ட முடியுமா? இல்லன்னா ஆக்சஸ் யார்கிட்ட கேக்கணும்?" என்று கேட்டார். பாசமுள்ள சித்தப்பாவோ பெரியம்மாவோ ஊரில் இருந்திருந்தால் சுடச்சுடச் சோறு போட்டிருப்பார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டிருக்க வழியில்லை. டெமோ மதியம் வீடியோ காலில் நடந்து முடிந்தது.

"ஏதாவது ஹெல்ப் பண்ணுங்க" என்று மொட்டையாக அனுப்புவது

பலருக்கு வரும் செய்தி இப்படித்தான் இருக்கிறது: "சார், சென்னையில மாட்டிக்கிட்டேன். ஏதாவது ஹெல்ப் பண்ண முடியுமா?"

படிக்கிறவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பணம் கேட்கிறாரா, வீட்டுக்கு வரப் பார்க்கிறாரா, அழைத்துப் போக வண்டி வேண்டுமா? நல்ல மனசுக்காரரே பதில் போடத் தயங்குவார். அதே ஆள் இப்படி எழுதியிருந்தால்:

"வணக்கம் சார். ஏர்போர்ட் டொமெஸ்டிக் டெர்மினல்ல இருக்கேன், இப்போ நைட் 9 மணி. மதுரை ஃபிளைட் கேன்சல். நாளைக்குக் காலைல 11 மணிக்கு அங்க இருக்கணும், அதனால கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு விஷயம் தெரியணும்: தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இப்போ ரோட்டுல தண்ணி நிக்குதா? தெரியலைன்னா பரவாயில்லை சார், வேற வழி பாத்துக்கிறேன்."

இதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எப்போதைக்குள் எங்கே போக வேண்டும் என்பது இருக்கிறது. தானாக என்ன யோசித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. கேள்வி ஒன்றுதான். எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசி வரி: முடியாது என்று சொல்ல அவருக்கு வழிவிட்டிருக்கிறார். நேரில் பார்க்காத நட்பில் அந்த வழி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவி கிடைத்தாலும் மனதில் ஒரு நெருடல் தங்கிவிடும்.

மூன்று நிமிட வாய்ஸ் நோட் வேண்டாம். அவர் மீட்டிங்கில் இருக்கலாம். உங்கள் போனில் சார்ஜும் குறைவாக இருக்கலாம்.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புவது

பதற்றத்தில் பத்துப் பேருக்கு ஒரே செய்தியை ஃபார்வர்டு செய்கிறோம். நாலு பேர் தனித்தனியாக ஹோட்டலுக்கு போன் போடுகிறார்கள், ஒருவர் கேப் புக் செய்தே விடுகிறார். முதலில் ஒருவர், அரை மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அடுத்தவர் என்று போனால் போதும். குழுவில்தான் கேட்க வேண்டியிருந்தால், வேலை முடிந்ததும் அதே இடத்தில் "ஏற்பாடு ஆகிவிட்டது" என்று போட்டுவிடுங்கள்.

நிறுவனம் செய்ய வேண்டியதை நண்பரிடம் கேட்பது

இது நிறையப் பேருக்குத் தெரியாமலே நடக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறை தர வேண்டும். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் அப்படியே. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம், இதில் எது குறைவோ அது இழப்பீடு. புயல் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணத்துக்கு இந்த இழப்பீடு கிடையாது. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அப்போதும் உண்டு.

ரயில் என்றால், ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு ரயில் முழுதாக ரத்தானால் பணம் தானாகவே வந்துவிடும். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகவில்லை என்றால், உங்கள் ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்புவதற்குள், பணத்தைத் திரும்பக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பமான டிடிஆர் போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் இந்தச் சலுகை கிடைக்காது. விசாரிக்க ரயில்வே உதவி எண் 139.

கவுன்டரில் இதைக் கேட்டு முடித்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் நண்பரிடம் கேளுங்கள். நிறுவனம் கொடுக்க வேண்டிய அறைக்கு அவர் ஏன் அலைய வேண்டும்?

போர்டிங் பாஸைப் படமெடுத்து அனுப்புவது

பிஎன்ஆர் என்னும் முன்பதிவு எண்ணும் பெயரின் கடைசிப் பகுதியும் இருந்தாலே பல விமான நிறுவனங்களின் இணையதளத்தில் உங்கள் முன்பதிவைத் திறந்துவிடலாம். போர்டிங் பாஸின் பார்கோடிலும் அந்த விவரங்கள் இருக்கின்றன. நண்பர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அந்தப் படம் அவரிடமிருந்து எந்தக் குழுவுக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. விமான எண்ணும் நேரமும் மட்டும் சொன்னால் போதும். பாஸ்போர்ட் படத்தை இந்த நட்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. "ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டேன், அவசரமாகப் பணம் போடுங்கள்" என்று பழக்கமான கணக்கிலிருந்து செய்தி வந்தால், போட்டுவிடாதீர்கள். கணக்கைத் திருடி இப்படிக் கேட்பது பழைய மோசடி. ஒரு நிமிடம் வீடியோ காலில் முகத்தைப் பாருங்கள். உண்மையான நண்பர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

வீட்டில் தங்கக் கேட்பது

நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் அழைத்தாலும் ஒருமுறை யோசியுங்கள். சென்னையில் பல வீடுகள் இரண்டு படுக்கையறைக்குள் அப்பா அம்மா, பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் வீடுகள். மழை நாளில் கரண்டும் இருக்காது, மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியில் தண்ணீரும் இருக்காது. பெண்கள் தனியாகப் பயணம் செய்யும்போது முதல் சந்திப்பு ஹோட்டல் லாபி, காபி கடை மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்திலேயே இருக்கட்டும். எங்கே, யாரோடு என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதில் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை.

கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லாதது

வருடம் முழுக்க ஒரு லைக்கோடு நிறுத்திக்கொண்டு, மாட்டிக்கொண்ட ராத்திரியில் மட்டும் தட்டினால் கதவு மெதுவாகத்தான் திறக்கும். அவர் வேலை தேடும்போது தெரிந்த இடத்தைச் சொல்வது, கேட்ட சந்தேகத்துக்குப் பொறுமையாக விளக்கம் எழுதுவது, அவர் ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டால் "எல்லாரும் சேஃபா?" என்று விசாரிப்பது, இவைதான் இந்த நட்பை உயிரோடு வைத்திருக்கின்றன. பயணத்துக்கு முன்னால் "வியாழக்கிழமை உங்க ஊர் வழியா போறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். நிலைமை சரியில்லை என்றால் அவரே முந்திக்கொண்டு எச்சரிப்பார்.

போய்ச் சேர்ந்ததும் மறந்துவிடுவது

உதவியவர் ராத்திரி தூங்குவதற்கு முன் ஒருமுறை போனைப் பார்ப்பார். "சேர்ந்துட்டேன் சார், ரொம்ப நன்றி" என்பதோடு, வழியில் கண்டதையும் எழுதுங்கள்: எந்த ரோட்டில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பஸ் கிடைத்தது, டிக்கெட் என்ன விலை. மறுநாள் அதே வழியைப் பற்றி இன்னொருவர் அவரிடம் கேட்பார். உங்களுக்காக அவர் ஆட்டோவுக்கோ சாப்பாட்டுக்கோ கொடுத்திருந்தால், அவர் வேண்டாம் என்றாலும் அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிடுங்கள்.