இயங்குதளம் நிறுவுவதற்கான பூட் ஃப்ளாப்பியை உருவாக்கும் முறை

சிடியிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ தொடங்கும் வசதி பயாஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், அதிலேயே பதிந்துள்ள நிரலில்) இல்லாத பழைய கணினியில் இயங்குதளத்தை நிறுவ வேண்டுமானால், பூட் ஃப்ளாப்பி, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் நெகிழ்வட்டு, இன்றும் பயன்படுகிறது. நிறுவல் கோப்புகள் பெரும்பாலும் சிடியில்தான் இருக்கும்; கணினியைத் தொடங்கி, சிடி டிரைவை அடையாளம் காணச் செய்து, நிறுவும் நிரலை இயக்கும் நிலைக்குக் கொண்டுவருவதே ஃப்ளாப்பியின் பணி.

கோப்புகளை நகலெடுத்துப் போடுவதால் மட்டும் எந்த ஃப்ளாப்பியும் பூட் ஆவதில்லை. 1.44 எம்பி கொண்ட 3.5 அங்குல ஃப்ளாப்பியில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டார்கள் (தடத்தின் சிறு பிரிவுகள்), செக்டாருக்கு 512 பைட்டுகள் என இரு பக்கமும் சேர்த்து 2,880 செக்டார்கள் உள்ளன. பயாஸ் அதில் எந்தக் கோப்பையும் தேடுவதில்லை. முதல் செக்டாரை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, அதிலுள்ள சிறு நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடுகிறது. ஆகவே அந்தச் செக்டாரைச் சரியாக எழுதுவதுதான் வேலையின் மையம். இயங்குதளத்துக்கு ஏற்ப அதை எழுதும் கருவி மட்டுமே மாறுகிறது.

எழுதுவதற்கு முன் ஃப்ளாப்பியை முழுமையாக ஃபார்மட் செய்து பாருங்கள். விரைவு ஃபார்மட் பழைய கோப்புப் பட்டியலை அழிக்குமே தவிர, காந்தப் பரப்பின் நிலையைச் சோதிக்காது. பழுதான செக்டார் ஒன்று தென்பட்டாலும் அந்த ஃப்ளாப்பியை ஒதுக்கிவிடுவதே நல்லது. டாஸ் (கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் பழைய இயங்குதளம்) அத்தகைய செக்டாரைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஓரிடத்தில் பழுதடைந்த பரப்பு மற்ற இடங்களில் நிலைத்திருக்கும் என்று நம்பி நிறுவலில் இறங்குவது சரியல்ல.

எம்எஸ்-டாஸில் ஃபார்மட் கட்டளையுடன் ‘/எஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால், பூட் செக்டாரோடு ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் ஆகிய கோப்புகளும் எழுதப்படும். ஏற்கெனவே ஃபார்மட் செய்த ஃப்ளாப்பிக்கு ‘சிஸ்’ கட்டளை போதும். விண்டோஸ் 98இல் கன்ட்ரோல் பேனலின் மென்பொருள் சேர்த்தல்–நீக்கல் பகுதியிலுள்ள ஸ்டார்ட்அப் டிஸ்க் என்ற தாவலே (டேப்) இதைச் செய்து தருகிறது. ஐடிஇ வகை இணைப்பு கொண்ட பல சிடி டிரைவ்களுக்குப் பொருந்தும் இயக்கியும் (டிரைவர்) அதில் சேர்ந்துவருவதால், டாஸ் வகை நிறுவல்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். இது தொடங்கும்போது நினைவகத்தில் தற்காலிக டிரைவ் ஒன்றை உருவாக்கிக்கொள்வதால், சிடி டிரைவின் எழுத்து ஓரெழுத்து தள்ளிப்போகும்; டி டிரைவில் சிடியைக் காணவில்லை என்றால் ஈ டிரைவில் பாருங்கள். எஃப்டிஸ்க் நிரலைக் கொண்டு ஹார்ட் டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்ததும் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே சி டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 2000இன் நிறுவலுக்கு நான்கு ஃப்ளாப்பிகள் தேவை. அதன் சிடியிலுள்ள பூட்டிஸ்க் கோப்புறையின் மேக்பூட் நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எழுதும். வரிசை எண்ணை உடனுக்குடன் ஒட்டுத்தாளில் குறித்துவையுங்கள்.

லினக்ஸ் முதலியவற்றின் பழைய வெளியீடுகளுடன் ஃப்ளாப்பியின் முழு நகலான இமேஜ் கோப்பு வரும். அதன் அளவு பொதுவாக 14,74,560 பைட்டுகள், அதாவது மேற்சொன்ன 2,880 செக்டார்களின் கூட்டுத்தொகை. இந்தக் கோப்பை இழுத்து ஃப்ளாப்பியில் போட்டால் அது மற்றொரு கோப்பாக மட்டுமே அங்கே கிடக்கும். செக்டார் செக்டாராக எழுத வேண்டும். டாஸிலும் விண்டோஸிலும் ராரைட் நிரலையும், லினக்ஸில் டிடி கட்டளையையும் இதற்குப் பயன்படுத்தலாம். டிடியில் வெளியீட்டுச் சாதனத்தின் பெயரை இருமுறை சரிபாருங்கள்: யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஹார்ட் டிஸ்கைப் போன்ற பெயருடனேயே தோன்றும்; பெயர் மாறினால் ஹார்ட் டிஸ்கின் தரவு அழிந்துபோகும். எழுதி முடித்ததும் ஃப்ளாப்பியை மீண்டும் ஒரு கோப்பாகப் படித்தெடுத்து, மூல இமேஜுடன் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். பலர் தவிர்த்துவிடும் இந்தப் படிதான், நிறுவல் பாதியில் நின்றுபோவதைப் பெரிதும் தடுக்கிறது. இமேஜிலேயே பிழை உள்ளதா என அறிய, அதை மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கப்படும் கணினியில்) ஏ டிரைவாக இணைத்து முன்கூட்டியே இயக்கிப் பார்க்கலாம்.

பிறகு ஃப்ளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தி, துளை திறந்திருக்குமாறு வையுங்கள். 3.5 அங்குல ஃப்ளாப்பியில் திறந்த துளை எழுதுதலைத் தடுக்கும். பூட் செக்டார் வைரஸ் அதில் தொற்றவும் வழியிருக்காது. விதிவிலக்காக, தன்மீதே எழுதிக்கொள்ள வேண்டிய ஃப்ளாப்பிகளுக்கு மட்டும் துளையை மூடியே வைக்க வேண்டும்.

இலக்குக் கணினியின் பயாஸில் பூட் வரிசையின் முதலிடத்தில் ஃப்ளாப்பியை அமைத்துத் தொடங்குங்கள். சிஸ்டம் டிஸ்க் இல்லை என்னும் பொருளில் செய்தி வந்தால், கணினி ஃப்ளாப்பியைப் படித்துவிட்டது, ஆனால் தேவையான சிஸ்டம் கோப்புகள் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். எழுதிய கணினியில் பூட் ஆகும் ஃப்ளாப்பி இங்கே மட்டும் படிக்கப்படாவிட்டால், இரு டிரைவ்களின் தலைகளும் ஒரே தடத்தில் பொருந்தவில்லை என்று ஐயுற வேண்டும்; டிரைவின் தலையைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லை என்றால், இலக்குக் கணினியின் டிரைவைக் கழற்றி எழுதும் கணினியில் பொருத்தி, அதிலேயே மறுபடி எழுதுங்கள். நிறுவும் நிரல் முதன்முறை மறுதொடக்கம் கேட்கும்போது, வேறு ஃப்ளாப்பியை இடும்படி அது சொல்லாதவரை, உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையெனில் நிறுவல் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும்.