கச்சேரி மண்டபம் வீடாகும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என் தொழில். 25 ஆண்டுகள் ஆகின்றன. விக்டோரியா தெரு குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கேட்டவர்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். பாட்டு மண்டபத்தைக் குடியிருப்பாக மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் காலி மண்டபத்தில் ஒரு பகல் முழுக்க உட்காரச் சொல்வேன். வெளிச்சம் எங்கே எட்டவில்லை, தெருச்சத்தம் எந்தப் பக்கம் நுழைகிறது என்பதை எந்த வரைபடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அனுமதி முதல் வேலை. 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி குற்றம். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அதற்கு மரபுவள அமைப்பான அமாஃபாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் பதிவுபெற்ற ஆட்கள்தான் கழற்றலாம்.

பெரிய தலைவலி வெளிச்சம். சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னலே வைக்காமல் கட்டிய சுவர்கள் இவை. கட்டட விதியோ, அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கும் 5 விழுக்காடு காற்றுக்கும் திறப்பு கேட்கிறது. 20 சதுர மீட்டர் அறைக்கு 2 சதுர மீட்டர் கண்ணாடி. அதில் பாதி திறக்க வேண்டும். எல்லையில் நிற்கும் சுவரில் ஜன்னல் வைக்கத் தீப்பாதுகாப்பு விதி பெரும்பாலும் இடம் தராது. தெருமுகப்பை உடைக்க எனக்கு மனமில்லை. ஆகவே நடுக்கூரையைத் திறந்து முற்றம் ஆக்குங்கள். வீடுகள் அதைச் சுற்றி அமையட்டும். நம் பாட்டன்மார் வீடு கட்டிய முறைதானே அது!

7 மீட்டர் உயரத்தைப் பார்த்ததும் மூன்று தளம் போட ஆசை வரும். வாழும் அறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் வேண்டும். மூன்றுக்கு 7.2 மீட்டர்; தளத்தின் கனத்தைச் சேர்க்கும் முன்பே கணக்கு இடிக்கும். இரண்டே போதும். புதுத் தளத்தைப் பழைய சுவரில் ஏற்றாமல், தனி அடித்தளத்தில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் தாங்குங்கள்.

சத்தத் தடுப்பில் சிக்கனம் கூடாது. நான் செய்த முதல் மண்டபத்தில் இரு வீட்டுக்கும் ஒரே சட்டத்தில் பலகை அடித்தேன். அடுத்த வீட்டுக் குக்கர் விசிலை இந்த வீட்டில் எண்ண முடிந்தது. இப்போது ஒன்றையொன்று தொடாத இரண்டு சட்டங்கள், நடுவே ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு, இருபுறமும் இரட்டை ஜிப்சம் பலகை. சுவிட்சுப் பெட்டிகளை முதுகோடு முதுகாக வைக்காதீர்கள். ஓரத்து இடுக்குகளை அடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். டர்பன் ஈரத்தில் சிமெண்ட் பூசினால் உள்ளே தேங்கிய ஈரம் செங்கல்லைத் தின்றுவிடும்.

மேடைப் பலகைகளைப் பெயர்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் சாக்கட்டியால் எண் போடுங்கள். ஒரு மேடைக்கடியில், ஜாஸ் மட்டுமின்றித் தெருக்கூத்தும் நடந்த மேடை அது, எனக்கு ஒரு சலங்கை மணி கிடைத்தது. கட்டைவிரல் நகமளவு பித்தளை; பச்சை பூத்திருந்தது. அசைத்தேன், உள்ளே குண்டு உருண்டு ஒலித்தது. வேலையாட்கள் எல்லாரும் கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தப் பலகைகள் இப்போது பொதுப் படிக்கட்டு.

மேடை வளைவை மட்டும் எந்த வீட்டோடும் சேர்க்காதீர்கள். வீடுகளைத் தனித்தனியே பதியும்போது அதைப் பொதுச் சொத்தாகக் காட்டச் சொல்லி, நில அளவையரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.