அந்த 100 எம்பி துண்டைத் தொடாதீர்கள்

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பிலேயே லினக்ஸ் மின்டையும் போடப் போகிறோம். பேக்கப் எடுத்தாயிற்று, மின்ட் பென்டிரைவும் தயார் என்று வைத்துக்கொள்கிறேன். இன்ஸ்டாலரைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போடுங்கள்.

என் லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 476 என்றுதான் காட்டும். எனக்கு விற்ற பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட், விண்டோஸ் 1024ஆல் பெருக்கி எண்ணுகிறது. என் கணக்கு, ஜிபியில்: விண்டோஸுக்கு 200, ரூட்டுக்கு (லினக்ஸ் சிஸ்டம் உட்காரும் இடம்) 60, ஸ்வாப்புக்கு (ரேமுக்குத் துணை இடம்) 16, மீதி ஹோமுக்கு (நம் சொந்தக் கோப்புகள்).

ரூட்டுக்கு 20 போதும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். நம்பாதீர்கள். ஃபிளாட்பேக் செயலிகள் (எல்லா லினக்ஸிலும் ஓடும்படி மொத்தமாகக் கட்டித் தரப்படுபவை) பெரும்பாலும் ரூட்டில்தான் போய் உட்காரும், ஆறு மாதத்தில் நிரம்பிவிடும். ஹோமைத் தனியாக வைப்பது என் பிடிவாதம். நான் அடிக்கடி டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகை, மாற்றுகிறவன். ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும், படங்களும் பாட்டுகளும் அப்படியே இருக்கும். ஸ்வாப் 16 எதற்கு என்றால், ரேம் 16, எனக்கு ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) வேண்டும். வேண்டாதவர்கள் விட்டுவிடுங்கள், மின்ட் தானே ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கிக்கொள்ளும்.

முதல் வேலை விண்டோஸுக்குள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். விண்டோஸ் முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்'. அங்கே எம்பியில் கேட்கும். 276 ஜிபிக்கு 282624. கிடைத்த காலி இடத்தை அப்படியே விடுங்கள், புது டிரைவ் உருவாக்க வேண்டாம். விண்டோஸைச் சுருக்க விண்டோஸின் கருவிதான் நல்லது; லினக்ஸில் டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டெட் எனக்கு லினக்ஸ் பக்கத்துக்கு மட்டும். சார்ஜர் செருகியிருக்கட்டும். பெங்களூரில் நாலு தூறல் விழுந்தால் கரன்ட் போகும்.

அப்புறம் பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டாலரில் 'சம்திங் எல்ஸ்' (டிஸ்க்கை நாமே பிரிக்கும் வழி) தேர்ந்தெடுங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். பட்டியலின் தலையில் ஃபேட்32 வகையில் 100 எம்பி துண்டு ஒன்று இருந்தது. ஏதோ குப்பை என்று அழித்துவிட்டு, நானே 500 எம்பியில் புதிதாக ஒன்று போட்டேன். மின்ட் அழகாக வந்தது. விண்டோஸைக் காணோம்! அந்தத் துண்டுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் பூட் ஆகும் கோப்புகள் அதில்தான் இருந்தன. ஒரு கடையில் "ஃபுல் ஃபார்மட் பண்ணணும் சார்" என்றார்கள். தேவையே இல்லை, சி டிரைவ் பத்திரமாகவே இருந்தது. விண்டோஸ் பென்டிரைவின் ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை மறுபடி எழுத வைத்தேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

ஆகவே, அந்தத் துண்டை அழிக்காதீர்கள், ஃபார்மட் டிக் போடாதீர்கள். சில லேப்டாப்பில் அது 260 எம்பியாக இருக்கும், ஆள் அதே ஆள்தான். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று குறித்தால் விண்டோஸும் லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

மற்றவை எளிது. காலி இடத்தில் பிளஸ் அழுத்தி, எக்ஸ்ட்4 வகையில் (லினக்ஸின் வழக்கமான ஃபார்மட்) 60000 எம்பி, மவுன்ட் பாயின்ட் வெறும் '/'; அதுதான் ரூட். அடுத்து ஸ்வாப். மீதி முழுக்க எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் '/home'. கடைசியில் எவையெல்லாம் ஃபார்மட் ஆகும் என்று ஒரு ஜன்னல் காட்டும். அதில் நீங்கள் உருவாக்கிய மூன்றைத் தவிர வேறு எது இருந்தாலும் 'கோ பேக்'.

பின்சேர்க்கை: மாடி வீட்டுத் தம்பி வந்து, "அண்ணா, சி டிரைவ்ல பாதிக்கு மேல காலி, ஆனா 30 ஜிபிதான் சுருக்க முடியும்ங்குது" என்றான். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகும். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல் (விண்டோஸின் ஸ்வாப்), சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தோம். 140 வரை கொடுத்தது. சுருக்கிய பிறகு பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்பப் போட்டுவிட்டோம்.