சியெனாவில் பாலியோ பார்ப்பது எப்படி?

இத்தாலியின் சியெனா நகரில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தேதிகளில் ஊரின் பேட்டைகளுக்கு இடையே பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஓட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கென்று அன்று மட்டும் போய் வருவது வீண். நான்கு நாள் தங்குங்கள், திருவிழா பிடிபடும்.

1. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு பேட்டைகளுக்குக் குதிரைகளைக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள். அன்றே ஊரில் இருப்பது நல்லது. மழை பெய்தால் பந்தயம் தள்ளிப்போகும். கூடுதலாக ஒரு நாள் கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

2. ஃபுளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் வாருங்கள். பழைய நகரை ஒட்டியே இறங்கலாம். ரயில் நிலையம் மேட்டுக்குக் கீழே இருக்கிறது.

3. ஒரு கொன்ட்ராடாவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆமை, நத்தை, கழுகு என்று பெயர் கொண்ட 17 பேட்டைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோயில், கொடி, அருங்காட்சியகம் உண்டு. பேட்டை உறவு குடும்பத்தோடு வருவது. குழந்தைகளுக்குப் பேட்டையின் நீரூற்றில் தனியாக ஒரு ஞானஸ்நானமும் நடக்கும். ஓடுவது பத்துப் பேட்டைகளே: போன ஆண்டு அதே பந்தயத்தில் ஓடாத ஏழு, குலுக்கலில் வரும் மூன்று.

4. முந்தின இரவு விருந்தைத் தவறவிடாதீர்கள். தெரு நீளத்துக்கு மேசை போட்டு, பேட்டையே கூடி உண்ணும். குதிரையோட்டியும் அங்கே அமர்ந்திருப்பார். வெளியாட்களுக்கும் டிக்கெட் கிடைக்கும், பேட்டைச் சங்கத்தில் கேளுங்கள். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். மற்ற நாள்களில் உணவகங்களில் 'பீச்சி' கேட்கலாம்: கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்போடு. இனிப்புக்குப் பாதாம் மாவில் செய்த ரிச்சியாரெல்லி.

5. பந்தய நாள் பிற்பகலில் குதிரையைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து, "போ, வென்று திரும்பி வா" என்று பாதிரியார் ஆசீர்வதிப்பார். குதிரை அங்கே சாணமிட்டால் நல்ல சகுனம்! ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்து அதை மிரளவைக்காதீர்கள்.

6. பந்தயம் நடக்கும் காம்போ சதுக்கத்தின் நடுவில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. வாயில்களை அடைத்துவிட்டால் வெளியேறுவது கடினம், நிழலும் கிடையாது. தண்ணீர், தொப்பி அவசியம். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் பணம் கொடுத்து இருக்கை எடுப்பதே சரி.

7. பொறுமையாக இருங்கள். ஒன்பது குதிரைகள் கயிற்றருகே வரிசையில் நிற்க, பத்தாவது பின்னாலிருந்து பாய்ந்து வரும்போதுதான் பந்தயம் தொடங்கும். எப்போது பாய்வது என்பது அதன் ஓட்டியின் முடிவு. பகைப் பேட்டையின் குதிரை தவறாக நிற்கும்வரை அவர் காத்திருக்கக்கூடும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எனக்கு ஓட்டத்தைவிட இந்தக் காத்திருப்பே பெரிது. பிறகு சேணமில்லாக் குதிரைகளில் மூன்று சுற்று. ஓட்டி விழுந்தாலும் முதலில் வரும் குதிரைக்கே வெற்றி.

8. வென்ற பேட்டை பரிசான பட்டுக் கொடியோடு நன்றி சொல்ல ஓடும்: ஜூலையில் புரோவென்சானோ தேவாலயம், ஆகஸ்டில் பேராலயம். நீங்களும் பின்னாலேயே செல்லுங்கள்.