ஊர் கீழே, பாதை மேலே: ரிட்ஜ்வே நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு

சமீபத்தில் ஐந்து நண்பர்களை ஓவர்ட்டன் ஹில்லில் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். புது ஷூ, புதுப் பை, ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில். "இங்கிலாந்துதானே அண்ணா, இங்க தண்ணிக்கா பஞ்சம்?" என்றான் ஒருவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று அதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன்.

தெற்கு இங்கிலாந்தில் ஏவ்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி, ஐவிங்கோ பீக்கன் என்ற குன்றில் முடிகிறது ரிட்ஜ்வே என்ற நடைபாதை. 87 மைல், சுமார் 139 கி.மீ. தேசிய நடைபாதையாகத் திறந்தது 1973-ல்தான் என்றாலும், அந்தச் சுண்ணப்பாறை முகட்டில் மனித நடமாட்டம் ஐயாயிரம் வருடப் பழசு என்பார்கள். ஷூவைப் பழக்கிக்கொள், மழைக்கோட்டு எடுத்துக்கொள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

பக்கத்து ஊரை வழியில் உள்ள ஊராக நினைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

வரைபடத்தில் பாதைக்கு வடக்கே ஒரு விரல்கடை தூரத்தில் வரிசையாக ஊர்கள் தெரியும். பார்த்தால் சாலையோரக் கடைகள் மாதிரி இருக்கும். ஆனால் அவை முகட்டின் அடிவாரத்தில் இருக்கின்றன. காரணம் அந்தப் பாறைதான். சாக்பீஸில் ஒரு சொட்டு மை விட்டுப் பாருங்கள், உடனே உறிஞ்சிவிடும். மலையே அப்படித்தான். பெய்கிற மழையெல்லாம் உள்ளே இறங்கி, அடியில் உள்ள களிமண் படிவத்தில் தடுக்கப்பட்டு, அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. ஊற்று இருக்கிற இடத்தில்தானே ஊர் இருக்கும்? முகட்டில் ஓடை கிடையாது, குளம் கிடையாது, டீ கிடையாது. அந்தக் காலத்து ஆட்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தக் காய்ந்த தரைதான் காரணம். கீழே சேற்றில் வண்டி புதையும். மேலே கால் நனையாது.

ஆக்பர்ன் செயின்ட் ஜார்ஜைத் தாண்டினால், தேம்ஸ் கரையில் ஸ்ட்ரீட்லி வரும்வரை 50 கி.மீ.க்கு மேல். நடுவே ஃபாக்ஸ்ஹில்லில் நாலைந்து வீடுகள். ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை.

இது தெரியாமல் நான் போட்ட திட்டம்: இரண்டாம் நாள் 22 கி.மீ. நடந்து அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்கு (மலைச்சரிவில் வெள்ளைச் சுண்ணத்தால் ஆன பெரிய குதிரை உருவம்) கீழே ஒரு ஊரில் தங்கல், மூன்றாம் நாள் வான்டேஜில் தங்கல். காலையில் நல்ல மழை. பையில் ஒரு லிட்டர் தண்ணீர். பதினோரு மணிக்கு மழை விட்டது, ஒரு மணிக்குப் பாட்டில் காலி. பாதையில் வண்டித் தடத்தில் தேங்கிய தண்ணீர் இருந்தது. அரிசி கழுவிய கழுநீர் மாதிரி வெள்ளையாக. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டினேன். அந்தப் பக்கம் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் லாயங்கள் அதிகம். ஒன்றில் போய்க் கேட்டேன். குதிரை கழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான தண்ணீர் குடித்ததில்லை.

மாலை ஆறரைக்கு முகட்டிலிருந்து இறங்கினேன். மூன்று கிலோமீட்டர், செங்குத்தான தார்ச்சாலை. முட்டி கெஞ்சியது. விடுதிக்குப் போனால், "இன்று திங்கள்கிழமை, சமையல் கிடையாது" என்றார்கள். அன்று இரவுச் சாப்பாடு, பையின் அடியில் நொறுங்கிக் கிடந்த முறுக்கு. மறுநாள் காலை அதே மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அதற்கடுத்த இரவு வான்டேஜுக்கு இறங்க நாலு, திரும்ப ஏற நாலு. ஆக இரண்டு இரவுக்கு 14 கி.மீ., பாதையில் ஒரு அடிகூட முன்னேறாமல். ஒரு கால் நகம் கறுத்து விழுந்தது.

ஆகவே நாள் தூரத்தைப் போடும்போது படுக்கையிலிருந்து படுக்கைக்குப் போடுங்கள். அறை பதியும்போதே, அன்று சமையல் உண்டா, முகட்டிலிருந்து காரில் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். சில விடுதிக்காரர்கள் வருவார்கள். பாதையோரம் சில இடங்களில் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அவை எங்கே என்று கிளம்புவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இரண்டு லிட்டருக்குக் குறைத்துவிடாதீர்கள்.

கைகாட்டி

அதில் இருப்பது மைல். கிலோமீட்டர் அல்ல.

நனைந்த சுண்ணம்

வெயிலில் சிமெண்டுத் தரை, மழையில் சோப்பு. நடுநடுவே துருத்திக்கொண்டிருக்கும் சக்கிமுக்கிக் கல் கத்திபோல வெட்டும். இறக்கத்தில் நடுத்தடத்தை விட்டு ஓரப் புல்லில் நடங்கள். மேற்குப் பாதியில் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அனுமதி உண்டு, சில பகுதிகளில் மோட்டார் வண்டியும் வரும். பள்ளங்கள் அவை போட்டவை.

வெள்ளைக் குதிரையைப் பாதையிலிருந்து தேடுவது

தெரியாது. சுமார் மூவாயிரம் வருடமாக மலைச்சரிவில் படுத்திருக்கும், 110 மீட்டர் நீளமுள்ள உருவம் அது. பக்கத்தில் போனால் நாலு வெள்ளைக் கோடுதான் கண்ணில் படும். முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தாக்கில் தள்ளி நிற்க வேண்டும். என்னோடு வந்த ஒருவர் அதன் கண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே "குதிரை எங்கே?" என்று கேட்டார். ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் வந்து, மண்டியிட்டு, சுத்தியலால் புதுச் சுண்ணம் இடித்து நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இல்லையென்றால் புல் மூடிவிடும்.

கூடாரம்

நிலக்காரர் அனுமதி இல்லாமல் அடிக்கக் கூடாது.

தேம்ஸைத் தாண்டியதும் அலட்சியம்

மேற்கில் வழி தப்புவது கஷ்டம், பாதை தேர் ஓடுகிற அகலம். கோரிங்கில் ஆற்றைக் கடந்ததும் எல்லாம் மாறும். ஆற்றங்கரை, வயல், பிறகு சில்டர்ன் மலையின் பீச் மரக்காடு. காட்டுக்குள் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பிரிவு வரும். ஓக் விதைச் சின்னம்தான் வழிகாட்டி; பத்து நிமிடமாக அது கண்ணில் படவில்லையென்றால் திரும்பி வாருங்கள்.

கடைசி நாள் ரயில்

ஐவிங்கோ பீக்கன் உச்சியில் காற்று இருக்கும், காட்சி இருக்கும், ரயில் இருக்காது. நிலையம் ட்ரிங்கில். வரும் வழியில் அதன் பக்கமாகத்தான் வந்திருப்பீர்கள். படம் எடுத்துக்கொண்டபின் அங்கே திரும்ப 5 கி.மீ.க்கு மேல் நடக்க வேண்டும். என் ஐந்து நண்பர்களிடமும் இதைச் சொல்ல மறந்துவிட்டேன்; உச்சியிலிருந்து ஃபோன் வந்தது.