ஏலாத நாளுக்கு ஒரு தாள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மனசு முழுக்கக் களைத்து, எழும்பிப் பல்லுத் தீட்டுவதே மலையாகத் தெரிகிற நாளில் என்ன செய்ய வேண்டும் என்று, தெளிவாக இருந்த ஒரு நாளில் எனக்கு நானே எழுதி வைத்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு அக்கா தானும் ஒன்று எழுதிக்கொண்டார். பிறகு அவருடைய தங்கையும் கேட்டார். அப்படியொரு தாளை எப்படி எழுதுவது, அந்த நாளை எப்படிக் கடப்பது என்று இங்கே சொல்கிறேன்.

நான் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் சீனி வருத்தமுள்ள அம்மா, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகள். மாதக் கடைசியும் அம்மாவின் கிளினிக்கும் மகளின் டியூஷன் காசும் ஒரே கிழமையில் வந்து விழும்போது எனக்கு முதலில் போவது முடிவெடுக்கிற தெம்புதான். கை கால் ஓடும். ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பாணா இடியப்பமா, 101 பஸ்ஸா ரயிலா, எந்த மின்னஞ்சலை முதலில் திறப்பது, எதற்குமே பதில் வராது. அந்த நேரத்தில் "மனசைத் திடப்படுத்து" என்று யாராவது சொன்னால் அழுகைதான் வரும். முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், அன்றைக்கு வாசித்து அதன்படி செய்தாலே போதும்.

எழுதுவதற்குப் போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, நல்லது. கந்தோர் இல்லை, தெருவிலும் சத்தம் குறைவு. முதலில், எது நடந்தே ஆக வேண்டும் என்று பாருங்கள். என் தாளில் அம்மாவின் இன்சுலின், மகளின் சாப்பாடு, சம்பளக் கிழமை என்றால் சம்பளப் பட்டியல், இவ்வளவுதான். இந்தப் பகுதி நீளக்கூடாது. நீண்டுகொண்டே போனால், ஒவ்வொன்றுக்கும் "இன்றைக்குச் செய்யாவிட்டால் யாருக்காவது ஆபத்தா?" என்று கேட்டு வெட்டுங்கள். அதற்குக் கீழே, விட்டுவிடலாம் என்பவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வீடு கூட்டுவது, உடுப்பு மினுக்குவது, கல்யாண வீட்டுக்குப் போய்த் தலைகாட்டுவது. வெள்ளிக்கிழமைக் கோயிலையும் எழுதியிருக்கிறேன். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் முருகன் அடுத்த வெள்ளியும் இருப்பார். சும்மா "மற்றதெல்லாம் பிறகு" என்று எழுதினால் உதவாது, களைத்த மனசு அதை நம்பாது. ஒவ்வொன்றாக எழுதியிருந்தால்தான் குற்ற உணர்வு கொஞ்சமாவது அடங்கும்.

அடுத்தது சாப்பாடு. வெறும் தேத்தண்ணியோடு ஓடுகிற காலைதான் மத்தியானத்தில் ஆளை விழுத்துகிறது. எனக்குப் பொருந்துவது இலைக்கஞ்சி. ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசியைக் குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கூட நேரம் கொதித்தால் பச்சை நிறம் மங்கிப் புல் மணம் வரும். உப்புப் போட்டு, கித்துள் கருப்பட்டியை ஒரு கடி, கஞ்சி ஒரு மிடறு என்று குடித்தால் வயிறும் தொண்டையும் சேர்ந்து ஆறும். ஆனால் ஏலாத நாளில் இதைச் சமைக்கச் சொல்ல மாட்டேன். கொழும்பில் காலையில் தெருவோரத்திலேயே கோலகெந்த என்று சூடாக விற்கிறார்கள், வாங்குங்கள். இறங்கிப் போகவும் முடியாதென்றால் கிறீம் கிறேக்கரும் ஒரு வாழைப்பழமும். அவை எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

தேத்தண்ணியை நான் விடச் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குச் சாயம் கூடின பிளேன்டீ குடித்தால் இரவு பத்துக்கும் அதில் பாதி உள்ளே இருக்கும். களைத்த ஆளுக்கு நித்திரையை விடப் பெரிய மருந்து கிடையாது, அதைப் பின்னேரத் தேத்தண்ணிக்குக் கொடுக்காதீர்கள்.

கந்தோரில் நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் எழும்பி வோஷ்ரூம் பக்கம் போங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது, அதனால் விடுவதை நீட்டுகிறோம். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் படுவதும் துடிப்பைக் குறைக்கும். ஆனால் நம் ஊரில் மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தாங்கியில் காய்ந்த தண்ணீர்தான் சுடச்சுட வரும். கந்தோர் ஃபிரிட்ஜில் ஒரு சின்னப் போத்தல் வைத்திருக்கிறேன். லேஞ்சியை அதில் நனைத்து, கண்ணுக்கும் கன்னத்துக்கும் மேலே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். பிரச்சினை அப்படியேதான் இருக்கும். ஆனால் திரும்பி வந்து கதிரையில் உட்கார முடியும்.

ஆட்களிடம் சொல்வதுதான் பலருக்குக் கஷ்டம். அதனால் சொல்லப்போகிற வசனத்தையும் நல்ல நாளிலேயே எழுதிப் போனில் சேமித்து வையுங்கள். மேலதிகாரிக்கு நான் அனுப்புவது இது: "இன்று எனக்கு உடம்பு முடியவில்லை. சம்பளப் பட்டியலை 12 மணிக்குள் தருகிறேன். மற்றவற்றை நாளை முடிக்கிறேன்." காரணம் விளக்கப் போனால் நாமே இன்னும் களைப்போம். மனசு களைத்தாலும் களைப்பது இந்த உடம்புதான், அதில் பொய் எதுவும் இல்லை. வேலையில் தீராமல் தேங்கும் அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில், நோயாக அல்லாமல், தொழில் சார்ந்த நிலையாக வரையறுத்திருக்கிறது. அதைச் சோம்பல் என்று யாரும் சொன்னால் ஏற்கத் தேவையில்லை.

வீட்டில் அம்மாவிடம் நேராகவே சொல்கிறேன்: "அம்மா, இண்டைக்கு நான் கனக்கக் கதைக்க மாட்டன். கோவம் ஒண்டும் இல்லை, களைப்பு." அவர் "சரி பிள்ளை, போய்ப் படு" என்பார். மகளுக்கும் அதே வசனம். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால், தாங்கள் ஏதோ செய்துவிட்டதால்தான் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா என்று நினைப்பார்கள். அந்த நினைப்போடு ஒரு பிள்ளை இரவு படுக்கைக்குப் போகக் கூடாது.

வெளிநாட்டுச் சொந்தங்களின் வாட்ஸ்அப் குழுக்களை அன்றைக்கு மியூட் பண்ணுங்கள். லண்டனில் அவர்கள் வேலை முடிந்து ஆறுதலாகக் கதைக்கத் தொடங்கும்போது இங்கே நடுச்சாமம். கனடாவில் இரவுச் சாப்பாடு முடியும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் நாளைக்குக் கேட்டாலும் அந்த அன்பு குறையாது.

வேலை முடிந்து திரும்புகிற நேரத்துக்கும் ஒரு வரி வேண்டும். ஐந்து மணிக்கே பஸ்ஸில் நெரிபட்டு, கொள்ளுப்பிட்டியில் அசையாமல் நிற்கும்போது மிச்சம் இருக்கிற தெம்பும் போய்விடும். முடிந்தால் காலிமுகத்திடலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நெரிசல் குறைந்ததும் ஏறுங்கள். அங்கே கடலைப் பார்த்து ஞானம் பெற வேண்டியதில்லை. காற்றுப் பட்டால் போதும், ஒரு இஸ்ஸோ வடை (இறால் வடை) சாப்பிட்டால் இன்னும் நல்லது.

இரவில் எதையும் தீர்க்க முனையாதீர்கள். மனதில் ஓடுவதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

இவ்வளவும் இடைக்கிடை வருகிற நாட்களுக்கு. மனச்சோர்வோ, எதிலும் விருப்பமில்லாத நிலையோ, பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்க 2 கிழமைக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் போக வேண்டும். தைரொயிட் குறைவும் இரத்தச் சோகையும் இதே களைப்பைத் தரும், அதனால் இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபிடி இலவசம், மனநலக் கிளினிக்குக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள். போகும்போது நித்திரை, சாப்பாடு, எப்போதிருந்து இப்படி, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு முன்னால் இருக்கும்போது எல்லாம் மறந்து "ஒண்டுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்றுதான் வாயில் வரும். தமிழில் சொன்னால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றால், தமிழ் தெரிந்த தாதியோ வேறு யாருமோ இருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருந்து தந்தால், மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில கிழமைகள் ஆகும், இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாவதைப் பற்றிய நினைப்பு வந்தால் தாளையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் அதே சொல்லில் சொல்லுங்கள், தனியே இருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், காசு கேட்க மாட்டார்கள். யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தால், 1974 முதல் இதற்கென்றே இயங்குகிற சுமித்ரயோவின் தொண்டர்கள் புத்தி சொல்லாமல் கேட்பார்கள். இந்த இலக்கங்களைத் தாளின் மேல்பக்கத்தில், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதுங்கள்.