பில்லில் வராத விலை: ஒரு மாத வீட்டுச் செலவுக்கு மறுகணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு மாதத்து பில்கள், போனில் கிடக்கும் ஜிபே கணக்கு. பில்லில் வராத விலையை, அதாவது நாம் வாங்கும் பொருளுக்காக யாரோ ஒருவர் உழைப்பும் எங்கோ மண்ணும் தண்ணீரும் கொடுக்கும் விலையை, எழுதிப் பார்க்க இவ்வளவு போதும். மாதத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். ஓணமோ கிறிஸ்துமஸோ வீட்டில் ஒரு கல்யாணமோ வரும் மாதமாக எடுங்கள். சாதாரண மாதத்தில் அரிசி, பால், கேஸ், கரண்டு என்று எழுதி முடிந்துவிடும், எதுவும் பிடிபடாது.

பக்கத்துக்கு நான்கு கட்டம் போடுங்கள்: பொருள், ரூபாய், யார் கை பட்டது, கடைசியில் எங்கே போய்ச் சேரும். எல்லாப் பொருளுக்கும் பின் இரண்டு கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தால் மூன்றாம் நாளே நோட்டு பரணில் ஏறிவிடும். தினசரிச் சாமான்களை முதலில் அடித்துவிட்டு, மிச்சத்தில் நாலைந்தை மட்டும் எடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), கருப்பட்டி, துணி, போன், முற்றத்து டைல்ஸ் ஆகியவைதான் பெரும்பாலும் தேறும்.

அண்டிப்பருப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் மூன்றாவது கட்டத்தை நிரப்ப வெளியூர் போக வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போன ஒரு பெண்ணாவது இல்லாத தெரு குறைவு. பாக்கெட்டில் டபிள்யூ 320 என்று போட்டிருந்தால், ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு என்று பொருள். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 700. எழுநூறு கொட்டையையும் அவித்து அல்லது வறுத்து, ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பை உலர்த்தி, மேல்தோலை உரித்து, தரம் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ பருப்புக்கு நாலு கிலோ பச்சைக்கொட்டை போகும். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்ட இடம் வெந்து கறுக்கும். அதற்காகத்தான் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். நாள் முழுக்க அது நிற்பதில்லை.

அடி கொஞ்சம் தவறினால் பருப்பு பிளந்துவிடும், விலையும் இறங்கிவிடும். பல இடங்களில் அந்த இறக்கம் உடைத்தவரின் கூலியில்தான் போய் விழுகிறது. அதனால் பாயசத்துக்கும் கேக்குக்கும் முழுப்பருப்பு கேட்காதீர்கள். நெய்யில் வறுத்துப் போட்டபின் யாரும் முழுசா பாதியா என்று எண்ணப் போவதில்லை. பிளவோ துண்டோ வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில், எந்த ஆபீஸ் சரக்கு என்று சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். பாக்கெட்டில் 'தயாரிப்பு' என்று ஒரு முகவரியும் 'பேக்கிங்' என்று வேறொன்றும் இருந்தால், முதல் முகவரிதான் உங்களுக்கு வேண்டியது. அங்கே வேலை பார்க்கும் அக்காவிடம் இரண்டே கேள்வி: ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா, பி.எப். (சேமநல நிதி) உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆபீசுக்கு ஈ.எஸ்.ஐ.யும், இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எப்.பும் பொருந்தும். அக்கா "அதெல்லாம் இல்ல" என்றால் அந்த முகவரிக்கு நேராக ஒரு சுழி போடுங்கள்.

கருப்பட்டிக்கு விலையே சோதனை. கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அளவில் அக்கானி (பதநீர்) காய்ச்ச வேண்டும். அதற்கு ஒருவர் காலையும் மாலையும் பனை ஏற வேண்டும், விறகு வேறு. சீனி விலைக்குப் பக்கத்தில் கருப்பட்டி கிடைத்தால், நீங்கள் வாங்குவது நிறம் மாறிய சீனி. இழப்பு உங்களுக்கு மட்டுமில்லை. பனையேறி தன் சரக்குக்கு நியாய விலை கேட்க முடியாமல் போவது இந்தக் கலப்படத்தால்தான்.

துணிக்கு ஒரு வகுத்தல் போதும்: விலையை உடுத்தும் தடவையால் வகுங்கள். 450 ரூபாய் கைலியை அறுபது தடவை உடுத்தினால் தடவைக்கு ஏழரை ரூபாய். கல்யாணத்துக்குக் குடும்பத்துப் பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் எடுக்கும் 3,000 ரூபாய் சேலை போட்டோவோடு மடிந்து, இன்னொரு தடவை மட்டும் வெளியே வந்தால் 1,500. ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் டேங்கில் இரண்டே முக்கால். பெரும்பகுதி பருத்திக் காட்டுப் பாசனத்துக்குப் போவது. சாயம் தனிக்கதை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை அது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது.

கடையில் நின்றபடியே மூன்று காரியம் பார்க்கலாம். துணியை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை அங்குலமாவது இருந்தால்தான் பிறகு பிரித்துவிட முடியும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பை ஒருதரம் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பாலியஸ்டரைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார் உதிரும். நாகர்கோவில் சாக்கடையில் இறங்கினால் அது பழையாறு வழியாக மணக்குடிக் காயலுக்குப் போகும். நான்காவது கட்டத்தில் எழுத வேண்டியது அந்த ஊர்ப்பெயரைத்தான்.

போனைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேட்டரிக்குத் தேவையான கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் இறங்குகிறார்கள். போன் மந்தமானால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், நிரம்பிய மெமரியைக் காலி செய்யுங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

முற்றத்து டைல்ஸை யாரும் செலவுக் கணக்கில் சந்தேகப்படுவதில்லை. மழைக்குச் சேறு, புல் பிடுங்க ஆளில்லை, காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த டைல்ஸ் கட்டையில் இருப்பது மலையை உடைத்த சிறுஜல்லியும் பொடியும் சிமெண்டும். அடியில் கான்கிரீட் போட்டு 1,000 சதுர அடி மூடினால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 929 லிட்டர் மண்ணில் இறங்காமல் ரோட்டுக்கு ஓடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், மாசியில் கிணறு வற்றுகிறது என்று லாரித் தண்ணீர் வாங்குவதில் இதற்கும் பங்குண்டு. கார் ஏறும் இரண்டு தடத்துக்கு மட்டும் இரண்டிரண்டு அடி அகலத்தில் போடுங்கள். முப்பது அடி நீளத்துக்கு 120 சதுர அடியில் வேலை முடியும். அடியில் இரண்டு அங்குல மணல், இடைவெளியிலும் மணல். மேஸ்திரி சிமெண்ட் பூசட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வழக்கமாகத் தவறுவது எங்கே? நோட்டைப் படித்த வேகத்தில் வீட்டிலுள்ள பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் எறிந்துவிட்டு எவர்சில்வர் வாங்குவது முதல் பிழை. டப்பா உடையும்வரை இருக்கட்டும். கல்யாண வீடுகளில் கிடைத்த துணிப்பை பத்து மூலையில் கிடக்க, பதினொன்றாவது மஞ்சப்பை வாங்குவதும் அப்படியே. விலை கூடினால் கூலியும் கூடியிருக்கும் என்று நம்புவது இன்னொன்று. கூடிய பணம் பாக்கெட்டின் மினுமினுப்புக்கே போயிருக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது, மனம் நொந்து அண்டிப்பருப்பையே நிறுத்துவது. ஆபீசில் வேலைநாள் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது உடைக்கிற பெண்தான்.

அடுத்த மாதமே திரும்பக் கணக்கெடுக்காதீர்கள். பண்டிகை இல்லாததால் குறைந்ததை உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓணத்துக்கு எடுத்திருந்தால் அடுத்த ஓணத்துக்கு எடுங்கள். பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்.